மண்கோட்டையும் மாதிரிக் கோட்டையும்

கோவில்பட்டியிலிருந்து கரிசல் காட்டைக் கடந்து பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு கோட்டையைப் பார்க்கிறார்கள். கம்பீரமான கோட்டைதான், ஆனால் கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை அல்ல. 1974-ல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை அது. பழைய அரண்மனையின் அடித்தளம் பக்கத்திலேயே கிடக்கிறது. அதன்முன் அதிக நேரம் நிற்பவர்கள் குறைவு. 1959-ல் வந்த திரைப்படமும் ராஜஸ்தானத்துக் கோட்டைகளின் பின்னணியில் நம் பாளையக்காரரைக் காட்டியது. இரண்டும் சேர்ந்து, பாஞ்சாலங்குறிச்சி என்றால் கல்லும் கொத்தளமும் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

1801-ம் வருஷம் மே 24-ந் தேதி ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டையை, போர் முடிந்த அந்த நிலையிலேயே, ஒரு மேஜையின்மேல் சிறிய உருவத்தில் செய்துகாட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். வாட்டர்லூ யுத்தகளத்தை இப்படிச் செய்தவர் வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி. அந்தக் களத்திலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, "நீர் எங்கே நின்றீர்?" என்று விசாரித்தார். 1838-ல் காட்சிக்கு வைத்தபோது பல்லாயிரம் ஈயப் பொம்மைகள் அதில் நின்றன. பிரஷ்யப் படைகளை எங்கே நிறுத்துவது என்பதில் பெரிய சச்சரவே கிளம்பியது. பொம்மையை நகர்த்தினால் சரித்திரமும் நகர்கிறது!

நமக்கும் ஒரு சாட்சி உண்டு. அந்தப் போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் கோட்டையின் அளவைச் சொல்லியிருக்கிறார். நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி. சுவர் முழுவதும் மண். உயரம் ஏறக்குறைய 12 அடி. சுற்றிலும் அடர்ந்த முள்வேலி, அகழி கிடையாது. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்தால் நம் கோட்டை ஏழடி நீளமும் நாலேகால் அடி அகலமும் வரும். மனிதன் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சுவர்? இரண்டே அங்குலம்! கும்பினியின் பீரங்கிகளுக்கு எதிரே நின்றது இவ்வளவுதான்.

அடுத்தது இடிபாடு. கல்சுவரில் குண்டு பட்டால் கல் பெயர்ந்து சிதறும். மண்சுவரோ குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். அடிமேல் அடி விழ விழ, மண் உதிர்ந்து சுவரடியில் சரிவாகக் குவியும். 1805-ல் பரத்பூரின் மண்கோட்டையை லேக் பிரபு நாலு முறை தாக்கியும் பிடிக்க முடியாமல் போனதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆகவே உடைந்த சதுரக் கற்களை அடுக்கினால் நம் காட்சி பொய்யாகிவிடும். மண்ணைச் சித்த வைத்தியர் சூரணம் சலிப்பதுபோல் துணியில் சலித்துத்தான் தூவ வேண்டும். அந்த அளவில் ஒரு சிறு கட்டிகூடப் பாறையாகத் தெரியும்.

முள்வேலியிலும் ஏமாந்துவிடக் கூடாது. இன்று அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் சீமைக் கருவேல்தான். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்த விருந்தாளி. ஊமைத்துரை அதைக் கண்டதில்லை. உடையும் வேலும் பனையும்தான் அன்றைய காடு.

மண்கோட்டையின் பெருமை வேறொன்று. 1801 பிப்ரவரி 2-ந் தேதி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். 1799-ல் தகர்க்கப்பட்ட கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழுந்து நின்றது. கல்லில் இது நடக்குமா? கொத்தனும் சிற்பியும் வரும்வரை காத்திருக்க வேண்டும். மண்ணுக்கு ஊர் ஜனங்களின் கைகளே போதும். மார்ச் 31-ந் தேதி அந்தக் கைகள் கட்டிய சுவரில் மோதித்தான் மேஜர் மெக்காலேயின் படை தோற்றுத் திரும்பியது.

கடைசியாக, மனிதர்கள். இங்கேதான் கை தயங்கும். ஒரு பக்கம் வெள்ளையர், மறு பக்கம் தமிழர் என்று நிறுத்திவிட முடியாது. கும்பினிச் சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர். எட்டயபுரத்துப் படையும் கும்பினியோடு நின்றது. இவர்களை விட்டுவிட்டுச் செய்தால் காட்சி அழகாயிருக்கும், உண்மையாயிராது.

கோட்டைக்கு வெளியே, பிணங்களுக்கிடையே, ஒரு தாயையும் வைக்க வேண்டும். வெல்ஷ் எழுதுகிறார்: மகனைத் தேடி வந்தவள் அவனைக் குற்றுயிராய்க் கண்டாள். "என்னை விடு, சாமியைக் காப்பாற்று" என்ற கருத்தில் அவன், பக்கத்தில் காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். அவள் அவரைத் தூக்கிச் சென்றாள். தேடி வந்த எட்டயபுரத்தாரிடம், அம்மையில் செத்த பிள்ளை என்று சொல்லி அவரை மறைத்தார்கள்.

ஊமைத்துரையை அவ்வருஷம் நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள். கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஏர் ஓட்டி, ஆமணக்கு விதைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. நினைவுக் கோட்டை நிற்கட்டும். வேண்டாமென்று யார் சொன்னார்கள்? அதனுள்ளே ஒரு மூலையில் இந்த ஏழடிக் காட்சிக்கும் இடம் தரலாம். இரண்டு அங்குலச் சுவரைக் குனிந்து பார்க்கிற பிள்ளைக்கு வீரம் என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிராது.