கொன்றது மண்ணா, வறுமையா?

1934-இல் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது, தீண்டாமைப் பாவத்திற்கு ஆண்டவன் அளித்த தண்டனை என்றார் காந்தியார். கவி தாகூர் மறுத்தார். தீண்டாமை கொடுமையே, ஆயின், பாவ புண்ணியம் பூமிக்கு ஏது எனக் கேட்கிறோம்.

1989-இல் கலிபோர்னியாவில் 6.9 அளவு அதிர்ச்சி. மாண்டோர் 63 பேர். 1993-இல் மராட்டிய மாநிலம் லாத்தூரில் அதனினும் சிறிய 6.2, மாண்டோர் ஏறத்தாழ 10,000 பேர்! அங்கே கட்டட விதியும், அதை நிறைவேற்றும் செல்வமும் காத்தன. இங்கே மண் குழைத்து அடுக்கிய கற்சுவர், உறங்கிய ஏழையின்மீது சரிந்தது.

வறுமை விதியன்று, வரலாறு. நம் கள்ளக்குறிச்சிக் கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார் ஆதிக்கம். மலைமக்கள் கூலியின்றி உழைத்தனர். உழைப்பைப் பறிகொடுத்தவன் உறுதியான வீடு கட்டுவதெங்ஙனம்? பூமிக்குப் பூசை வேண்டா. ஏழைக்கு உறுதியான சுவர் வேண்டும் என்போம்!