லயத்துக் கோழியும் தடுப்பு மருந்தின் வீரியமும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் நாலு கோழி வளர்ப்பது நம்மவர் வழக்கம். பிள்ளைக்கு முட்டை, விருந்தாளிக்குக் குழம்பு, பணமுடை வந்தால் விற்க ஒரு சேவல். அந்தக் கூண்டில் ஒரு கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு, வெள்ளையாகக் கழிந்து சாயும். சில நாளில் கூண்டே காலியாகிவிடும். கண் பட்டுவிட்டது என்பார்கள் பெரியவர்கள்.

அது ராணிக்கெட் நோய். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசலிலும், 1927-இல் இந்தியாவின் ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்டது. ராணிக்கெட்டும் நம்மைப் போல ஒரு மலையூர்தான்!

தடுப்பு மருந்து வெகுகாலமாக உண்டு, நமக்குத்தான் எட்டவில்லை. ஒரு குப்பி ஆயிரம் கோழிக்கு என்று பெரிய பண்ணைகளுக்காகச் செய்தார்கள். அதைவிடப் பெரிய தடை சூடு. மருந்தில் இருப்பவை உயிருள்ள, வலுக்குறைந்த கிருமிகள். கிருமியின் அடையாளப் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். அதைப் போதிய அளவில் கண்டால்தான் கோழியின் உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். தாப்பாவிலிருந்து வளைந்து ஏறும் பாதையில் ஐஸ் இல்லாமல் வந்த குப்பியில் கிருமிகள் செத்துக்கொண்டே வரும். மேலே குளிர்கிறதே என்றால், செத்தது பிழைக்குமா? மருந்து பெற்ற கோழியும் சாகும். பழி மருந்தின்மேல் விழும்.

1966-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், நோயற்ற கோழிகளிடம் வி-4 என்ற சாதுவான கிருமி அகப்பட்டது. 1980-களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில் லத்திப் இப்ராஹிமும் அய்னி இடெரிசும், குயின்ஸ்லாந்துப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து, அதைச் சூடுபடுத்தித் தாக்குப்பிடித்தவற்றையே தேர்ந்து வளர்த்தார்கள். பிறகு தீனியில் பூசிக் கம்பத்துக் கோழிகளுக்கு இறைத்தார்கள். ஊசியும் வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம்! தின்ற கோழியின் உடலில் கிருமி பெருகும். பக்கத்துக் கோழிக்கும் பரவி அதையும் காக்கும். எல்லாக் கோழியும் சமமாகத் தின்னாது. ஆகவே கிருமியைத் தாராளமாகச் சேர்த்து, சில வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கவேண்டியிருந்தது.

பறவைக் காய்ச்சலுக்கும் இதே தீனி போதாதா என்று பள்ளிப் பிள்ளைகள் நம்மைக் கேட்பதுண்டு. போதாது, அது வேறு கிருமி. அதற்கான மருந்துகளில் பெரும்பாலானவை கொல்லப்பட்ட கிருமியால் ஆனவை. செத்தது பெருகாது, குப்பியில் அடைத்த ஆன்டிஜென் எவ்வளவோ அவ்வளவுதான். அது குறைந்தாலோ, ஊரில் திரியும் கிருமிக்குப் பொருந்தாமல் போனாலோ, கோழி சாகாமல் நிற்கக்கூடும். ஆனால் எச்சத்திலும் மூச்சிலும் கிருமியை இறைத்துக்கொண்டிருக்கும். எந்தக் கூண்டில் நோய் என்று பார்த்தால் தெரியாது.

2004 ஆகஸ்டில் கிளந்தானின் பாசிர் பெக்கானில் எச்5என்1 தோன்றியபோது, மலேசியா தடுப்பூசியை நாடவில்லை. சுற்றுவட்டாரக் கோழிகளை அழித்தது. நோயில்லாத கோழியையும் பிடித்துக் கொடுத்த கம்பத்துக் குடும்பங்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது, கூண்டு காலியானதைப் பார்த்த நமக்குத் தெரியும்.