செபமாலையும் கமலையும்
(திண்டுக்கல் சீமையின் ஒரு வெள்ளாமைக் குடும்ப வரலாறு)

திண்டுக்கல் என்றவுடன் பூட்டு, புகையிலை, பிரியாணி, மலைக்கோட்டை என்று அடுக்குவோம். சரித்திரம் என்று கேட்டால் ஹைதர் அலி, திப்பு சுல்தான், 1792இல் இந்தச் சீமை கும்பெனியார் வசமானது… அதோடு நிறுத்திக்கொள்வோம். கோட்டையைச் சுற்றியுள்ள செம்மண் காட்டில் கிணறு வெட்டி, வெள்ளாமை வைத்து, கோயில் கட்டிக் கும்பிட்ட குடியானவர்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டல்லவா! தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்து மறைந்த எங்கள் தாத்தா அவர்களில் ஒருவர். நம்மில் பலருடைய தாத்தாக்கள் வாழ்ந்த வாழ்க்கைதான் அவருடையதும். அதனால்தான் மலரில் எழுதத் துணிந்தேன்.

வேர்

1606இல் தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அடுத்த நூற்றாண்டில் வீரமாமுனிவர் சூசையப்பருக்கு ‘வளன்’ என்று பெயர் சூட்டி, அவரையே தலைவனாக வைத்துத் ‘தேம்பாவணி’ பாடினார். எபிரேயத்தில் யோசேப்பு என்றால் பெருகச் செய்பவர் என்று பொருள், அதனால் வளன். வானம் பார்த்த பூமியில் வாழும் வெள்ளாமைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. சபைக் குருக்கள் மறுபடி மதுரை மிஷனுக்கு வந்தது 1838இல். திண்டுக்கல் புனித வளனார் கோயில் 1866இல் தொடங்கி 1872இல் கட்டி முடிந்தது. நான்கே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் (1876–78) வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கிணறு இருந்தவனுக்குக் கொஞ்சமாவது கஞ்சி. இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. கிணறு வெட்டுவது போன்ற நிலச் சீர்திருத்தங்களுக்குச் சர்க்கார் கடன் தர 1883இல் சட்டமே வந்தது. தக்காவிக் கடன் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோயில் ஒன்றாக இருந்தாலும் தெருவும் கல்லறையும் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்த ஊர்கள் உண்டு. கிணறு சொந்தமாக இருந்தவர்களும், அந்தக் கிணற்றடியில் கூலிக்கு நின்றவர்களும் ஒரே பூசைக்குத்தான் போனார்கள்.

சாலும் செபமும்

தாத்தா வாலிபத்தில் இறைத்தது கமலை. இரண்டு மாடு, ஒரு சால், வடம், வால்கயிறு. விடியுமுன் மாட்டைப் பூட்டி, சிலுவை போட்டுக்கொண்டு முதல் சாலை இறக்குவாராம். இறைத்த சாலுக்குக் கணக்கு ஐம்பத்து மூன்று மணி செபமாலை! “ஒரு மாலை முடிஞ்சா மாட்டுக்குக் கொஞ்சம் மூச்சு விடக் குடுக்கணும்ப்பா” என்பார்.

சோளம், கம்பு, நிலக்கடலை, புகையிலை. கிணற்றுத் தண்ணீர் சற்று உப்பாக இருந்தாலும் மெல்லும் புகையிலை தாங்கும். வேடசந்தூர்ப் பக்கம் அது வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு பக்கம் பன்னீர் திராட்சை. அதைத் தமிழ்நாட்டுக்கு 1832இல் கொண்டு வந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்வார்கள்.

வருஷம் முழுக்கக் கோயில் நாட்காட்டிதான். ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாள். மாடுகளைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு ஓட்டிப் போனால் சாமியார் தீர்த்தம் தெளிப்பார். கொசவபட்டி, புகையிலைப்பட்டி போன்ற ஊர்களில் கோயில் திருவிழாவோடு ஜல்லிக்கட்டும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்பு பூசை லத்தீனில். “நமக்குப் புரியாட்டி என்ன, ஆண்டவருக்குப் புரியுமில்ல” என்று சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமையும் கடன் திருநாளும் கமலை பூட்ட மாட்டார். பயிர் வாடினாலும் பூட்ட மாட்டார். மாட்டுக்கும் ஓய்வு, மனுஷனுக்கும் ஓய்வு. கிணற்றுக்கும் அன்றைக்கு ஓய்வுதான் என்பது எனக்குப் பொறியியல் படித்த பிறகே உறைத்தது. இறைப்பை நிறுத்தினால் ஊற்று சுரந்து மட்டம் ஏறும். மாட்டின் பலமும் ஓய்வு நாளும் சேர்ந்து, ஊறுவதற்கு மேல் இறைக்காமல் பார்த்துக்கொண்டன.

சுவிட்சைப் போட்டால்…

1950களிலும் 60களிலும் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. மோட்டார் வந்தது, மாடு குறைந்தது, வெங்காயமும் காய்கறியும் பெருகின. பிள்ளைகள் படித்தார்கள். நான் பொறியாளர் ஆனதே அந்த மோட்டார் தண்ணீரில்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது.

ஆனால் மோட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மும்முனைக் கரண்ட் வந்தால் நடுராத்திரியிலும் ஓடும். கிணறு வற்ற ஆழ்துளைக் கிணறு, அதுவும் வற்ற இன்னும் ஆழம். கணக்கு எளிது. 30 அடியிலிருந்து தூக்கும் அதே தண்ணீரை 300 அடியிலிருந்து தூக்க பத்து மடங்கு சக்தி வேண்டும். குழாய் உராய்வு தனி. கரண்ட் பில் வராததால் அந்தப் பத்து மடங்கு நம் கண்ணில் படவில்லை.

தண்ணீர் குறைந்தது மட்டுமல்ல, கெட்டும் போனது. ஊரைச் சுற்றியிருந்த தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கிணறுகளில் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர ஓர் ஆணையமும் அமைக்கச் சொன்னது. நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்தில் மைல்கல்லான தீர்ப்பு அது. ஆனால் உப்பேறிய ஊற்றை எந்தத் தீர்ப்பாலும் ஒரே நாளில் இனிப்பாக்க முடியாதே!

கடைசிக் காலம்

2003இல் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனபோது தாத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து மழைக்கு வேண்டினார்கள். தாத்தா வாசலில் உட்கார்ந்தே செபமாலை சொன்னார். “வேண்டிக்கிறது நம்ம கடமை. அதுக்காகக் கெணத்தைச் சொரண்டிக்கிட்டே இருந்தா ஆண்டவரு என்ன செய்வாரு?” என்றார். சிறிது காலத்தில் அமைதியாகக் கண் மூடினார்.

நமக்கு ஒரு வேலை

நம்மில் எத்தனையோ பேர் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறோம். ஊருக்கு வரும்போது கோயிலுக்கும் கல்லறைக்கும் போகிறோம். கிணற்றை மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. இன்றைய மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆளுக்கு ஒரு கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை கயிறு விட்டு மட்டத்தைக் குறித்து வையுங்கள். ஐந்து வருஷக் கணக்கு இருந்தால் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், எத்தனை மணி நேரம் மோட்டார் என்று ஊரே உட்கார்ந்து பேசலாம். பண்ணைக்குட்டை வெட்ட ஆகும் செலவில் பங்கேற்க முன்னாள் மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.

செபமாலை சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் கயிற்றைப் பிடியுங்கள்.

– முன்னாள் மாணவர், இயந்திரவியல் துறை