தாம்பரம் சானடோரியமும் கல்லீரல் கொழுப்பும்

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில், இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தித் திரும்பிய மருத்துவர் சௌரி முத்து, 1928இல் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். தூய காற்று, நீண்ட ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றையும் தவிரக் காசநோய்க்கு வேறு நம்பகமான சிகிச்சை இல்லாத காலம் அது. 1937இல் அரசின் பொறுப்புக்கு வந்த அந்த வளாகம் நாளடைவில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. அருகிலுள்ள ரயில் நிலையமும் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர் பெற்றது. அதன் வரலாறு பெரும்பாலும் நுரையீரலின் வரலாறாகவே சொல்லப்பட்டுவந்துள்ளது. ஆனால் உயிரணு நெருக்கடிக்கு உள்ளாகும்போது கல்லீரலில் கொழுப்பு எவ்வாறு சேர்கிறது என்பதை அறிய விரும்புவோரும் அந்த வளாகத்தின் கடந்த காலத்தைப் படித்தாக வேண்டும்.

1952இல் ஐசோனியாசிட் என்ற மாத்திரை புழக்கத்துக்கு வந்தபின் காசநோய்ச் சிகிச்சையின் சுமையில் ஒரு பகுதி கல்லீரலின் மீது விழுந்தது. உடலுக்குள் செல்லும் மருந்துகளை வேதிமாற்றம் செய்து வெளியேற்றுவது அவ்வுறுப்பின் வேலை. அந்த வேலையின்போது பிறக்கும் சில இடைப்பொருள்கள் கல்லீரல் உயிரணுக்களையே தாக்குவதால், காசநோயாளிகளில் ஒரு சிலருக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஒருவர் உடல் ஐசோனியாசிடை விரைவாக மாற்றுகிறது, மற்றொருவர் உடல் மெதுவாக மாற்றுகிறது என்ற வேறுபாட்டை, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம் விரிவாக ஆராய்ந்தது. எனினும் இவையெல்லாம் உயிரணு அழியும் பாதிப்புகளே. கொழுப்பு சேர்வது பின்னால் வந்த வேறொரு நோயின் வழியாக.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலில் கண்டறிந்தனர். அத்தொற்று உடையோருக்குக் காசநோய் எளிதில் பற்றுவதாலும், பிற மருத்துவமனைகள் அவர்களைச் சேர்க்கத் தயங்கியதாலும், 1990களில் நோயாளிகள் தாம்பரத்துக்குத் திரண்டனர். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, அதற்கெனத் தேர்ந்த முதல் எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரமும் இடம்பெற்றது. அன்று பரவலாக வழங்கிய கூட்டு ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்று மருந்துகளின் சேர்க்கை. சாவின் விளிம்பில் இருந்தோரை அது எழுந்து நடக்கவைத்தது. 2001இல் சிப்லா நிறுவனம் இந்த மூன்றையும் ஓர் ஆண்டுக்கு 350 டாலர் விலையில் தர முன்வந்ததையும் இங்கே மறக்கலாகாது, ஏனெனில் ஏழை நாடுகள் ஸ்டாவுடினைத் தேர்ந்ததற்கு அதன் மலிவே முதற்காரணம்.

ஆனால் ஸ்டாவுடின் வைரஸின் நொதியைத் தடுப்பதோடு நிற்கவில்லை. மனித உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள, அதன் சொந்த மரபுப்பொருளைப் படியெடுக்கும் பாலிமரேஸ் காமா என்ற நொதியையும் தடுத்தது. மைட்டோகாண்ட்ரியா என்பது உணவின் கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து ஆற்றல் தரும் உறுப்பு, அதாவது உயிரணுவின் அடுப்பு. மரபுப்பொருள் குறையக் குறைய அந்த எரிப்பு தளர்ந்தது; எரியாத கொழுப்பு கல்லீரல் உயிரணுக்களில் சிறு துளிகளாகத் தங்கியது; ஆற்றல் குறைந்த உயிரணு வேறு வழியைப் பற்றியதால் லாக்டிக் அமிலம் இரத்தத்தில் மிகுந்தது, சிலருக்கு அது உயிரைப் பறித்தது. அதே மருந்தால் கன்னமும் கைகால்களும் வற்றியதால், நோயை மறைத்து வாழ்ந்தவர்களின் முகமே அதை ஊருக்குச் சொன்னது. மருத்துவ நூல்களில் ஒரு வரியில் முடியும் இந்தத் துன்பம், உறவினரிடம் கூட உண்மையைச் சொல்ல முடியாத மக்களுக்கு மிகக் கொடியதாக இருந்தது. 2007இல் ஸ்டாவுடினின் அளவை 30 மில்லிகிராமாகக் குறைக்கவும், 2009இல் அதைப் படிப்படியாகக் கைவிடவும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பின்னர் இந்தியாவும் டெனோஃபோவிர் போன்ற மருந்துகளுக்கு மாறியது.

மருந்தால் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு, மருந்தே இல்லாத உடலிலும் சேரலாம். அளவுக்கு மிஞ்சிய மாவுப் பண்டமும் எண்ணெயும் கல்லீரலுக்கு வந்துசேரும்போது, மைட்டோகாண்ட்ரியாவில் எரிப்பு மிகுந்து, உயிரணுவை அரிக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன; இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். புரதங்களை மடித்து உருவம் தரும் எண்டோபிளாச வலையில் தவறாக மடிந்த புரதங்கள் குவிய, அந்த வலை எழுப்பும் எச்சரிக்கைச் சைகைகள் தொடர்ந்து நீடித்தால், கொழுப்பு உருவாக்கும் மரபணுக்களையே தூண்டிவிடுகின்றன. சென்னை நகர மக்களிடையே மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், மது சாராத கல்லீரல் கொழுப்பு ஏறத்தாழ 32 விழுக்காட்டினரிடம் இருந்தது. நீரிழிவு உடையோரிடம் அது இன்னும் கூடுதல்.

இன்று எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் பயன்படும் டோலுடெக்ராவிர், ஸ்டாவுடினைப் போல மைட்டோகாண்ட்ரியாவை நலிவிக்காவிட்டாலும், பலருக்கு உடல் எடையைக் கூட்டுகிறது. எனவே வைரஸ் அடங்கியபின் நெடுநாள் வாழும் இவர்களுடைய சிகிச்சையில் இடுப்புச் சுற்றளவும் கல்லீரல் நொதிகளின் அளவும் கவனிக்கப்பட வேண்டியவையாகின்றன.