வேலை செய்தது கரியா, மாங்கனீஸா?

வேப்பூருக்கு அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள தொழிலாளர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். களிமண்ணில் இரும்பு சிறிதளவு கலந்திருந்தாலும் போதும். வெண்மையாக வரவேண்டிய பாண்டம் சூளையிலிருந்து பழுப்பேறி வெளிவரும். அளவில் சிறியதுதான், ஆனால் நிறத்தை முடிவு செய்வது அதுவே. கிராபீன் என்னும் பொருளைப் பற்றி வேதியியலில் எழுந்த ஒரு வழக்கும் இத்தகையதே.

பென்சிலில் எழுதும் கரி கிராபைட் ஆகும். நமது சிவகங்கைப் பகுதியிலும் இது கிடைக்கிறது. இதில் கார்பன் அணுக்கள் அறுகோணங்களாக இணைந்து, தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒற்றைத் தாளே கிராபீன். 2004-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டுநாடாவைக் கொண்டு இத்தாளைப் பிரித்து ஆராய்ந்தனர். 2010-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

வேதிவினையை விரைவுபடுத்தி, தான் செலவாகாமல் எஞ்சி நிற்கும் பொருளை வினையூக்கி என்கிறோம். எரிபொருள் மின்கலத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகின்றன, மின்சாரம் பிறக்கிறது. ஆனால் ஆக்சிஜன் பங்கேற்கும் வினை மிகவும் மந்தமானது. அதை விரைவுபடுத்தப் பிளாட்டினம் வேண்டும். அதன் விலையோ மிக அதிகம். ஆகவே அதைக் கரியின் மேல் நுண்துகள்களாகப் பரப்பிச் சிக்கனமாகப் பயன்படுத்துவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பி. விசுவநாதன் முதலியோர், நைட்ரஜன் கலந்த கார்பன் நுண்குழாய்களைப் பிளாட்டினத்தைத் தாங்கும் பொருளாகப் பயன்படுத்தி, மெத்தனால் மின்கலத்துக்கான ஆய்வை 2005-இல் வெளியிட்டனர்.

தாங்கும் கரியே வினையூக்கியாகிவிட்டால் பிளாட்டினம் எதற்கு? 2009-இல் நைட்ரஜன் ஏற்றிய கார்பன் நுண்குழாய்களும், 2010-இல் நைட்ரஜன் ஏற்றிய கிராபீனும் காரக் கரைசலில் பிளாட்டினத்தை விஞ்சுவதாக அமெரிக்காவில் லிமிங் டாய் குழுவினர் அறிவித்தனர். ‘உலோகமில்லா வினையூக்கி’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. கிராபீனை மிகுதியாகத் தயாரிக்க ஒட்டுநாடா உதவாது. கிராபைட்டை ஆக்சிஜனேற்றம் செய்து, தாள்களைப் பிரித்து, பிறகு ஆக்சிஜனை நீக்குவர். கிராபைட்டை இவ்வாறு ஆக்சிஜனேற்றும் கலை பழையது. 1859-இல் ஆங்கில வேதியியலார் பிராடி இதைச் செய்து காட்டினார். இன்று பரவலாக உள்ளது 1958-இல் ஹம்மர்ஸ், ஆஃப்மன் இருவரும் வெளியிட்ட முறை. அதில் அடர் கந்தக அமிலத்துடன் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்கிறது. பெர்மாங்கனேட்டில் இருப்பது மாங்கனீஸ் என்னும் உலோகம் அல்லவா? அதன் எச்சம் கிராபீனில் தங்கினால்?

சிங்கப்பூரில் பணியாற்றிய மார்ட்டின் புமேரா குழுவினர் 2013-இல் இதைச் சோதித்தனர். ‘உலோகமில்லா’ கிராபீனின் வேலைக்கு, அதில் ஒளிந்திருந்த நுண்ணளவு உலோக மாசே காரணம் என்று காட்டினர். இது வெறும் பெயர்ச் சண்டையன்று. வேலை செய்தது மாசு என்றால், நாளை ஒருவர் தூய வேதிப்பொருள்களைக் கொண்டு அதையே தயாரிக்கும்போது பலன் கிடைக்காது. அவருடைய உழைப்பும் பணமும் வீணாகும்.

அப்படியானால் கரிக்குத் திறமையே இல்லையா? இருக்கிறது. 2016-இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் நகமுரா குழுவினர், நைட்ரஜன் இருக்கும் இடங்களை மட்டும் மாற்றி மாற்றி அமைத்த மாதிரிக் கிராபைட் பரப்புகளைத் தயாரித்தனர். அறுகோண வளையத்தில் இரண்டு கார்பன்களோடு மட்டும் இணைந்த நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பனே ஆக்சிஜன் வினை நிகழும் இடம் என்று கண்டனர்.

ஆயினும் கிராபீனில் எதையாவது கலந்து கட்டுரை எழுதும் வழக்கம் ஓயவில்லை. 2020-இல் புமேராவும் தோழர்களும் ஒரு வேடிக்கை செய்தனர். பறவை எச்சத்தையே கிராபீனுடன் சேர்த்துச் சூடாக்கினர். அதுவும் கலப்பில்லாக் கிராபீனைவிடச் சிறந்த வினையூக்கியாக விளங்கிற்று! எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கந்தகமும் இருப்பதால் அது வியப்பன்று. கலந்தால் பலன் கூடுகிறது என்று அறிவிப்பது எளிது; எந்த அணு, எவ்வாறு அப்பலனைத் தருகிறது என்று நிறுவுவதே அறிவியல் என்பதை அவர்கள் உணர்த்தினர்.

ஆய்வுக்கூடத்தில் நிற்கும் மாணவர்கள் இதை மறக்கலாகாது. ஒரு பொருளுக்குப் பெருமை சேர்க்கும் முன், அது இல்லாமலும் சோதனையைச் செய்து பார்க்கவேண்டும். அதிலுள்ள மாசை நீக்கியும் செய்து பார்க்கவேண்டும். விடை மாறாமல் நின்றால் மட்டுமே அப்பெருமை அதற்கு உரியது.