முத்துக் குளித்தவர்கள் தேர்ந்தெடுத்த கடல்

பொள்ளாச்சிக்காரர்களுக்கு விடுமுறை என்றால் மலைதான். ஆழியாறு, குரங்கு அருவி, டாப்சிலிப், வால்பாறை என்று நம் கால் போகும் திசை அது. இப்போது காலம் மாறிவிட்டது. பேரப்பிள்ளைகள் அந்தமான் போய் வந்து, தண்ணீருக்கடியில் எடுத்த மீன் படங்களை செல்போனில் காட்டுகிறார்கள். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் ஒரு குழாய், அவ்வளவுதான். நீர்மட்டத்தில் குப்புற மிதந்துகொண்டே பவளப்பாறைகளைப் பார்க்கலாம். இதற்கு ஸ்நார்க்கெலிங் என்று பெயர். "இதுக்கு நல்ல இடம் எதுங்க? எந்த மாசம் போறது?" என்று காலை நடைக்கு வரும் நண்பர்கள் கேட்கிறார்கள்.

எங்கே இறங்குவது, எந்த மாதம் இறங்குவது என்ற இந்தக் கேள்வி தமிழ்க் கடலுக்குப் புதிதல்ல. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாக முத்துக்காக அதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை இன்றைக்கும் பயன்படுகிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்நார்க்கெல் என்ற பெயர் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் மேலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளப் பொருத்திய குழாய்க்கு அந்தப் பெயர் இருந்தது. ஆனால் யோசனை மிகப் பழையது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் யானையின் துதிக்கையைப் பற்றி எழுதும்போது, நீரில் மூழ்குபவர்கள் மேலிருந்து மூச்சு இழுக்கப் பயன்படுத்தும் கருவி போன்றது அது என்கிறார். டாப்சிலிப் யானைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஒப்புமை உடனே விளங்கும். ஆழமான நீரில் யானை உடல் முழுவதும் அமிழ்ந்து, துதிக்கை நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போகும்.

இனி இடத்துக்கு வருவோம். நமக்கு மிக அருகில் இருக்கும் கடல் மேற்கே, பாலக்காடு தாண்டிப் பொன்னானிப் பக்கம் இருக்கிறது. அங்கேயே போகலாமே என்று தோன்றும். காலை நனைக்க நல்ல கடல், ஆனால் முகத்தை உள்ளே வைத்தால் கலங்கல்தான் தெரியும். காரணம் நம் ஊரிலேயே தொடங்குகிறது. ஆனைமலையில் பெய்யும் மழை ஆழியாற்றில் இறங்கி, சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழையில் சேர்ந்து, பொன்னானியில் கடலில் கலக்கிறது. ஆறு மண்ணையும் வண்டலையும் சேர்த்தே கொண்டுபோகிறது. பவளம் ஓர் உயிர். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். வண்டல் படிந்தால் மூச்சு முட்டும், நன்னீர் மிகுந்தாலும் தாங்காது. ஆகவே பெரிய ஆற்று முகத்துவாரத்துக்கு அருகில் பவளப்பாறையைத் தேடுவது வீண்.

கிழக்கே நிலைமை வேறு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடாக் கரை வறண்ட கரை. வைகை நீரில் பெரும்பகுதி ராமநாதபுரம் கண்மாய்களிலேயே தங்கிவிடும். மீதி வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் போகிறது. நடுக்கடலின் அலையை இலங்கைத் தீவு ஓரளவு தடுக்கிறது. தெளிந்த, ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான நீர். பவளம் வளரவும் முத்துச்சிப்பி பெருகவும் இதுவே காரணம்.

இந்தக் கடலில் முத்தெடுத்த செய்தி கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளூஸில் இருக்கிறது. பாண்டியரின் கொற்கையை அது குறிப்பிடுகிறது, அங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்றும் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடந்ததாக எழுதுகிறார். சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைக்க ஆட்கள் இருந்தார்களாம், கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. நம் கரையில் அவர்களைக் கடல்கட்டி என்றார்கள்.

நமக்குக் குளித்தல் என்றால் ஆற்றிலோ கிணற்றிலோ உடம்பைக் கழுவுவது. கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு மூழ்குதல் என்று பொருள். பரவரும், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்தார்கள். ஒரு கல்லைக் காலுக்கு ஊன்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்குவார்கள். ஒரே மூச்சில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரிப் போடுவார்கள். படகில் இருப்பவர் கயிற்றை இழுத்து மேலே கொண்டுவருவார். குழாயும் இல்லை, காற்றும் இல்லை. மேலே இருப்பவரின் கவனமே கீழே இருப்பவரின் உயிர்.

ஆங்கிலேயர் காலத்தில் இது அரசு ஏலமாக நடந்தது. அந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நினைத்தவுடன் யாரும் இறங்கிவிட முடியாது. கடலடியில் சிப்பி படியும் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். முந்தைய பருவத்திலேயே அதிகாரிகள் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிடுவார்கள். முற்றியிருந்தால்தான் அறிவிப்பு வரும். குளிப்பு நடப்பது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அடங்கிக் கிடக்கும் சில வாரங்களில் மட்டும். இத்தனை கட்டுப்பாடு இருந்தும் பேராசை உள்ளே வந்துவிட்டது. 1905-இல் இலங்கைப் பக்கத்தில் ஒரே பருவத்தில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே முத்துப் பார்கள் ஒரு தனியார் கம்பெனிக்கு 20 ஆண்டு குத்தகைக்கு விடப்பட்டன. 1907-க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின, கம்பெனியும் மூடப்பட்டது. நம் பக்கம் தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

முத்துக் குளித்தவர்கள் பார்த்த காற்றுக் கணக்கு அப்படியே நமக்கும் உதவும். மண்டபம், பாம்பன் பக்கம் போனால் ஒரே ஊருக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் வடக்கில் இருப்பதைப் பெண்கடல் என்றும், தெற்கில் இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நம் தென்னை மட்டைகளைப் பேயாய் ஆட்டுகிறதே, அதே தென்மேற்குக் காற்றுக் காலத்தில்தான் தென்கடல் பொங்கும். அப்போது வடகடல் குளம் மாதிரி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது வடகடல் கலங்கும். இரண்டும் ஓரளவு அமைதியாக இருக்கும் மாதங்கள் மாசி, பங்குனி. பிள்ளைகளின் பரீட்சை அட்டவணையை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து வருவது கொஞ்சம் வருத்தமான வரலாறு. நம் கொங்குப் பகுதிக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்றால் மதுக்கரையில் கல் இருந்தது. தென்கடற்கரையில் அந்த வேலைக்குப் பவளப்பாறையை வெட்டினார்கள். வீடு கட்டக் கல்லாகவும், சூளையில் வெந்து சுண்ணாம்பாகவும், ஆலைகளுக்கு மூலப்பொருளாகவும் அது போனது. எட்டும் தூரத்தில், ஆழமில்லாத நீரில் இருந்ததால் வெட்டுவது எளிது. இன்று மிதந்து பார்க்க ஏற்றவை எந்தப் பாறைகளோ, அவையே அன்று வெட்டுவதற்கும் ஏற்றவையாக இருந்தன.

மன்னார் வளைகுடாவில் கரையோரமாக 21 தீவுகள். பெயர்களைப் படித்தாலே இனிக்கும்: குருசடை, முயல், மனோலி, பூமரிச்சான், தலையாரி, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரைச்சல்லி. இவற்றில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் இப்போது நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. சுற்றியிருந்த பவள அரணை வெட்டியெடுத்ததை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லையென்றால் மணல் திட்டு எத்தனை நாள் நிற்கும்? தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவும் மிகவும் சுருங்கிவிட்டது. அதைக் காப்பாற்றக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

அரசு விழித்தது 1986-இல். 21 தீவுகளையும் சுற்றியுள்ள நீரையும் சேர்த்து 560 சதுர கி.மீ. கடல் தேசியப் பூங்காவானது. 1989-இல் 10,500 சதுர கி.மீ. உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வெட்டு உடனே நிற்கவில்லை. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே வரிசையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, பாறை கரையைக் காக்கும் என்பது மக்களுக்கும் புரிந்தது. அதன் பின்னரே வெட்டு நின்றது. 117 வகைப் பவளங்கள் இந்த வளைகுடாவில் பதிவாகியிருக்கின்றன. வெட்டுக்குத் தப்பியவற்றை இப்போது வெப்பம் வாட்டுகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கோடையில் நீர் சூடேறி, பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன.

சட்டத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் சிறு வயதிலிருந்தே கடலில் மூழ்கிப் பாசி சேகரிப்பவர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். பூங்கா வந்தபின் தங்கள் கடலிலேயே அத்துமீறியவர்கள் என்று ஆனார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, பவளத்தைக் கெடுக்கும் இரும்புக் கருவி கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த ஊரின் எம். லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. பிழைப்புக்கு இறங்குபவருக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், வேடிக்கை பார்க்க இறங்கும் நமக்கு எத்தனை வேண்டும்?

இதே கடலின் அக்கரைக்கும் போகலாம். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் இலங்கையில் குடியேறியதே இந்த நீரடி ஆசையால்தான். அவருடைய நண்பர் மைக் வில்சன் அதே ஆண்டு திருகோணமலைக் கோணேசர் மலையடியில் மூழ்கியபோது, போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களையும் ஒரு லிங்கத்தையும் கண்டார். அந்த லிங்கம் இன்று கோணேசுவரத்தில் பூசையில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே நிலாவெளி. அதற்கு நேரே கடலில் புறாத்தீவு, 2003-இல் தேசியப் பூங்கா ஆனது. கரையிலிருந்து படகில் சிறிது நேரம்தான். நீந்தத் தெரியாதவர்களும் லைஃப் ஜாக்கெட்டோடு மீன்களைப் பார்க்கலாம். அங்கே காலம் மே முதல் செப்டம்பர் வரை. தெற்கே ஹிக்கடுவைக்கு நேர்மாறாக நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மறுபடியும் அதே காற்றுக் கணக்கு. இரண்டு இடத்திலும் கூட்டம் அதிகமாகி, மனிதர்கள் மிதித்தே உடைந்த பவளம் நிறைய.

அந்தமானின் யானைக் கடற்கரையும் லட்சத்தீவின் காயல்களும் இன்னும் தெளிவானவை. செலவு கூடும், லட்சத்தீவுக்கு முன் அனுமதி வேண்டும். நம் பக்கத்திலேயே என்றால் ஏறத்தாழ 350 கி.மீ. தள்ளியுள்ள மண்டபம், ராமேஸ்வரம்தான். தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. வனத்துறையின் அனுமதியும் படகும் எப்போது உண்டு என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பாக் விரிகுடாப் பக்கம் பிரப்பன்வலசை போன்ற இடங்களில் பயிற்சி கொடுத்து இறக்குகிறார்கள். அந்தமான் அளவுக்கு வண்ணக் களஞ்சியத்தை எதிர்பார்க்க வேண்டாம். கடல்புல்லும், அதில் ஒளியும் மீன்குஞ்சுகளும், ஆங்காங்கே பவளமும் தெரியும். முதல்முறை பழகுபவர்களுக்கு அந்த ஆழமற்ற நீர் போதும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்த மாதம் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? அருகில் பெரிய ஆறு கலக்கிறதா? அந்த இடத்தைக் காக்க யாராவது இருக்கிறார்களா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். காவல் இல்லாத இடத்தில் கட்டணம் குறைவாக இருக்கும், பவளத்தின் மேல் நின்று படம் எடுக்கவும் விடுவார்கள். அங்கே போகாதீர்கள். வருடத்துக்கு ஒரு சில சென்டிமீட்டரே வளரும் உயிர் அது, ஒரு கால் பட்டால் பல வருட வளர்ச்சி போய்விடும். இறங்கும் முன் உள்ளூர் மீனவர் ஒருவரிடம் இன்று கடல் எப்படி என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து காற்று வாங்குங்கள். முத்துக்காகப் போனவர்களும் கடல் அடங்கும் வரை காத்திருந்தவர்கள்தான்.