புளூடூத் சீரியல் மாட்யூல்: தேர்வு

நுண்கட்டுப்படுத்தியின் சீரியல் தடத்தைக் கம்பியின்றிக் கைப்பேசியோடோ கணினியோடோ இணைக்கும் சிறு பலகை. வாங்குமுன் விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, எதிர்முனையில் எந்தக் கைப்பேசி இருக்கிறது என்பது. எச்.சி-05, எச்.சி-06 இரண்டும் பழைய வகை, புளூடூத் 2.0. ஆண்ட்ராய்டுடன் எளிதில் இணையும். ஐபோன் செயலிகளோடு பேசா. ஐபோனுக்கு எச்.எம்-10 போன்ற குறைமின் வகை (4.0) வேண்டும். புளூடூத் உள்ளடங்கிய இ.எஸ்.பி.32 நுண்கட்டுப்படுத்தி இரண்டு வகையும் அறிந்தது. ஆனால் அதன் சி3, எஸ்3 பதிப்புகளில் பழைய வகை கிடையாது. பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எச்.சி-05 தானே அழைக்கவும் வல்லது; 06 அழைப்பை ஏற்க மட்டுமே செய்யும். 05 பலகையின் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் சிவப்பு விளக்கு இரண்டு வினாடிக்கொரு முறை நிதானமாக மின்னும். அப்போது 38400 பாட் வேகத்தில் அமைப்புக் கட்டளைகளை ஏற்கும். அதன் பெறுமுனை 3.3 வோல்ட்டுக்கானது. 5 வோல்ட் அர்டுயினோ ஊனோவின் அனுப்புமுனை மின்னழுத்தத்தை 1, 2 கிலோ ஓம் தடைகளால் இறக்கியே இணைக்க வேண்டும். நேரே கொடுத்தாலும் ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. மாட்யூலின் ஆயுள் குறையும்.

பயன்படுத்தும் இடத்தையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் சிலாங்கூரின் வடபகுதியில், சுங்கை ஆயர் தாவார் போன்ற செம்பனை வட்டாரங்களில் நீர்ச்சத்து மிகுந்த ஓலைகள் புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும்; அது பத்து மீட்டர் எட்டும் என்ற வழக்கமான கணக்கு அங்கே சுருங்கும். தோட்டத்தில் வைத்த மண் ஈர உணரியை அருகே நின்று படிக்கப் புளூடூத் போதும். வீட்டிலிருந்தே பார்க்க லோரா என்ற நெடுந்தொலைவுக் கம்பியில்லா முறையே ஏற்றது. மலேசியாவில் அது 919–924 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது.